கருமுகங்களுக்குப் பயம் காட்டப் போனவர்கள்

ஊரில் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடத் தெரியாத டாக்டர். கல்யாணமாகி வந்த புதிதில் காய்ச்சல், இருமல் என்று சிலர் அவளைத் தேடி மாமியாரின் லாண்டரி வாசலில் வந்து நின்றார்கள். "நான் குரங்குகளப் பத்திப் படிச்ச டாக்டருங்க" என்று அவள் சொன்னாள். அப்படியானால் குரங்குக்கு வைத்தியம் பார்ப்பீர்களா என்று கேட்டதற்கு, "அதுவும் இல்லீங்க, சும்மா பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. மாமியாருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பையன் பஸ் டிப்போவில் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறான், மருமகள் மரத்துக்கு அடியில் படுத்துக் கிடக்கிறாள், நல்ல ஜோடிப் பொருத்தம் என்று இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள்.

சும்மா பார்ப்பது என்றால் என்ன லேசான வேலையா? காட்டில் கருமுகக் குரங்குகள் என்று ஒரு ஜாதி உண்டு. உடம்பெல்லாம் சாம்பல், முகம் மட்டும் அடுப்புக்கரி. இலை தின்று பிழைப்பவை. தின்ற இலை வயிற்றில் ஊறிச் செரிக்க வேண்டும் என்பதால் பாதி நாள் கிளையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் மனிதனைக் கண்டால் இந்தச் சோம்பல் எல்லாம் பறந்துவிடும். சுள்ளி ஒடியும் சத்தம் கேட்டாலே மரத்துக்கு மரம் பாய்ந்து காணாமல் போய்விடும். ஓடுகிற குரங்கின் பின்புறத்தைப் பார்த்து எவரும் ஆராய்ச்சி செய்ய முடியாது. அதனால் முதலில் அவற்றைப் பழக்க வேண்டும். சோறு போட்டுப் பழக்கக் கூடாது, தொடக் கூடாது, கண்ணுக்குக் கண் முறைக்கவும் கூடாது. தினமும் போய், இந்த ஆளால் நமக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று அவை அலுத்துப்போகும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு முறை இருந்தது. எப்போதும் ஒரே நிறச் சட்டை. டாக்டர் செம்மண் நிறத்தைத் தேர்ந்தெடுத்து மொத்தமாகத் தைத்து வைத்திருந்தாள். மரத்தடிக்குப் போகும் முன்பு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். நாங்கள்தான் வருகிறோம், பயப்படாதே என்று அர்த்தம். மூன்று வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று இதைச் செய்தாள். தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டால் 'டொக் டொக்' போட்டுவிட்டு ஓடும். அவளும் திரும்பி 'டொக்' போடுவாள்.

கூட நின்றவள் நாத்தனார். அவளுடைய பட்டப் பெயர் வாலு. சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் கூப்பிட்டது, இருபத்து நான்கு வயதிலும் போகவில்லை. லாண்டரியில் துணிக்கு நம்பர் சீட்டு குத்திக்கொண்டிருந்தவள், ஒருநாள் வேடிக்கை பார்க்க அண்ணியோடு காட்டுக்குப் போய், பிறகு கடைப்பக்கமே திரும்பவில்லை. குரங்குகளுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். கூட்டத்தில் முழுசாக வளர்ந்த ஆண் ஒன்றுதான். விடியற்காலையில் ஒரு முறை காடு அதிரக் கத்திவிட்டு, அப்புறம் நாள் முழுக்க எதுவும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு மேனேஜர் என்று பெயர். பெண்களில் மூத்ததற்குப் பெரியம்மா. எந்தக் குட்டி அழுதாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும். கருமுகங்களில் குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், ஒருத்தி பெற்றதை நாலு பேர் கைமாற்றித் தூக்கிச் சுமப்பார்கள். பெரியம்மா மனிதர்களுக்கும் பெரியம்மாதான். டொக் சத்தம் கேட்டால் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து, டாக்டருக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, தன் பாட்டுக்கு இலை மெல்லும். முதல்முறை அது அப்படி வந்து உட்கார்ந்த அன்று டாக்டர் வீட்டுக்கு வந்து, காரணம் சொல்லாமல் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் இடி விழுந்தது.

பெருமழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் காலை. மேனேஜரின் கத்தல் கேட்கவில்லை. தேடிப் போனால், கூட்டம் வழக்கமான அத்தி மரத்திலேயே இருந்தது. மரத்தடியில் இலைகளின்மேல் ரத்தம். இரண்டு குரங்குகளைக் காணவில்லை: கோணவால் என்ற விடலை, அதன் அம்மா. பூட்ஸ் கால் பதிந்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாலு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, நாம நிக்கிற எடத்துலயே நின்னு சுட்டிருக்கான்."

டாக்டர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். அவளை உலுக்கியது செத்தவை மட்டுமல்ல. இரண்டு பேரைச் சுட்டு வீழ்த்திய பிறகும் மற்றவை அந்த மரத்தைவிட்டுப் போகவில்லை. வேறு கூட்டமாக இருந்தால், துப்பாக்கிக்காரன் கண்ணில் படும் முன்பே காட்டின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இவை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. பெரியம்மா அப்போதும் வழக்கம்போல இறங்கி வந்து டாக்டரின் முன்னால் உட்கார்ந்தது. 'எதுக்குடி வர்ற, போய்த் தொலையேன்' என்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

வனக்காவலரிடம் போய்ச் சொன்னார்கள். நல்ல மனிதர், அவர் முகமே தொங்கிப் போயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்தான், இறைச்சிக்குச் சுடுகிறார்கள் என்றார். "இந்தக் காடு பூரா நானும் இன்னொருத்தரும்தாம்மா. எந்த மரத்தடியில போய் நிக்கிறது, சொல்லுங்க? மழை பிடிச்சா ஆறு பெருகிடும், அவனுங்களால வர முடியாது. தண்ணி வடிஞ்சதும் கண்டிப்பா வருவானுங்க. லேசாக் கெடைக்குதுன்னு ருசி கண்டுட்டானுங்க இல்ல?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் டாக்டர் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "தண்ணி வடியறதுக்குள்ள அதுங்களுக்குத் திரும்பவும் மனுஷனக் கண்டா பயம் வரணும். நாமதான் பயத்தப் போக்கினோம். நாமதான் திருப்பிக் கொடுக்கணும்."

"மூணு வருஷமா அதுங்க பயப்படக் கூடாதுன்னு எம் பொண்ணையும் இழுத்துக்கிட்டுப் போன" என்றாள் மாமியார். "இப்போ பயமுறுத்தப் போறியா? உனக்கு ஒரு வேலையும் உருப்படியாத் தெரியாதா?"

"இல்ல அத்தை" என்றாள் டாக்டர். அவள் குரல் உடைந்ததைக் கேட்டு மாமியார் எழுந்து போய், அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் பேராசிரியரிடம் போனில் பேசினாள். ஆராய்ச்சிக்குப் பொறுப்பானவர் அவர். தலைமுடி நரைத்ததே கருமுகங்களால்தான் என்று சொல்லிக்கொள்கிறவர். முதலில் கோபப்பட்டார், பிறகு வருத்தப்பட்டார், அப்புறம் ஒரு வழி சொன்னார். "பயமுறுத்துங்க, வேண்டாங்கல. ஆனா வேற துணி போட்டுக்கிட்டுப் பண்ணுங்க. நம்ம சட்டையக் கெடுத்துக்காதீங்க. மத்தவங்களக் கண்டா ஓடட்டும், நம்மளக் கண்டா உக்காரட்டும். ரெண்டும் நடக்கும்." டாக்டருக்கு அது தேனாக இனித்தது. தனக்கே தோன்றியிருந்த யோசனைதான், வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. குரங்குகளும் பிழைக்கும், பெரியம்மாவும் தன்னைவிட்டுப் போகாது. யாருக்குத்தான் கசக்கும்?

வேட்டைக்காரர்கள் தூறல் நாளில் கறுப்பு மழைக்கோட்டு போட்டு வருவார்கள் என்று காவலர் சொல்லியிருந்தார். அதே மாதிரி இரண்டு கோட்டுகள் வாங்கினார்கள். ஒருநாள் கோட்டு போட்டுக்கொண்டு, தகரத்தைத் தட்டி, காட்டுக் கத்தல் கத்தி, மண்ணாங்கட்டிகளை மரத்தில் வீசுவார்கள். அடுத்த நாள் செம்மண் சட்டையில், டொக் டொக் என்று சத்தம் கொடுத்து, ஒன்றும் அறியாதவர்கள் மாதிரி போய் நின்று குறிப்பெடுப்பார்கள். ஒரே வாரத்தில் கருமுகங்கள் பாடம் கற்றுக்கொண்டன. கறுப்புக் கோட்டின் நுனி தெரிந்தாலே மேனேஜர் குரைக்கும், மறுநிமிடம் மரம் காலி. செம்மண் சட்டைக்கு மட்டும் வழக்கமான மரியாதை. வாலு கைதட்டிக் குதித்தாள். பேராசிரியர் போனில் பாராட்டினார்.

அந்தப் பெருமை டாக்டரின் புருஷன் வரும்வரைதான். அன்று ஞாயிற்றுக்கிழமை. பெண்டாட்டியும் தங்கையும் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார்கள் என்று மெக்கானிக் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வந்தான். காட்டுப்பக்கம் அதிகம் வராத ஆள், கொசு என்றால் ஆகாது. பளீரென்ற சிவப்புச் சட்டை, கையில் தொங்கும் டப்பா, வாயில் பாட்டு. இருவரும் வேறு திசையில் இருந்ததால் அத்தி மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தான். அவர்கள் திரும்பி வந்தபோது கண்ட காட்சி இதுதான்: மெக்கானிக் கல்லில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறான். தலைக்கு மேலே பெரியம்மா. பக்கத்துக் கொடியில் இரண்டு குட்டிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவன் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"அடேயப்பா, எவ்வளவு மரியாதை உங்க ஆளுங்களுக்கு!" என்றான் சந்தோஷமாக. "பயமுறுத்துறோம் பயமுறுத்துறோம்னு சொன்னீங்க. ஒண்ணும் அசையக் காணோம்?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அட மட சாம்பிராணி! மூன்று வருடம் ஒரே சட்டை, ஒரே சத்தம் என்று பழக்கிய பழக்கம், பயமுறுத்தும்போதும் ஒரே கோட்டு, ஒரே தகரம் என்று செய்ய வைத்துவிட்டது. கருமுகங்கள் கற்றுக்கொண்டது மனிதனுக்குப் பயப்பட அல்ல, கறுப்புக் கோட்டுக்குப் பயப்பட. வெயில் அடித்தால் எந்த வேட்டைக்காரன் மழைக்கோட்டு போடுவான்? தண்ணீர் வடிகிற காலம் வெயில் காலம்தானே?

"ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளா வரணும்" என்றாள். "சட்டை மாறணும், நடை மாறணும், சத்தம் மாறணும். அவ்வளவு துணிக்கு எங்க போறது?"

வாலு மெல்ல அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் மேலே பார்த்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள், "அம்மாகிட்ட யாரு கேக்கிறது?"

லாண்டரியின் பின்னறையில் ஒரு முழு அலமாரி நிறைய, யாரும் வாங்க வராத துணிகள் இருந்தன. வெளுக்கப் போட்டுவிட்டு ஊர் மாறிப் போனவர்கள், செத்துப் போனவர்கள், சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், சீட்டைத் தொலைத்தவர்கள். மாமியார் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை. துணிக்குச் சொந்தக்காரன் பத்து வருடம் கழித்து வந்து நின்றாலும் மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். டாக்டர் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஊரான் துணியில சேறு பூசப் போறீங்களா?"

"துவைச்சு இஸ்திரி போட்டு, இருந்த எடத்துல வச்சிடறோம் அத்தை."

"யாரு துவைப்பா?"

"நான்."

"நீ துவைச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? உன் புடவையில பாதி அழுக்கு நான் அலசினது." பெட்டியை மறுபடி எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, "அந்தப் பெரியம்மாங்கிறது இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. இப்போ வாயும் வயிறுமா இருக்கு."

மாமியார் அலமாரிச் சாவியை எடுத்து நீட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் காடு இதற்கு முன்னால் கண்டிருக்காது. ஒருநாள் டாக்டர் செக்யூரிட்டி உடுப்பில் விசில் ஊதிக்கொண்டு போனாள். ஒருநாள் வாலு யாரோ ஒருவரின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கை மறைந்து, கால் தடுக்கி, வேரில் விழுந்து எழுந்து கத்தினாள். மெக்கானிக்குக்கு நர்ஸ் கோட்டுத்தான் பொருந்தியது. டிப்போவில் தெரிந்தால் தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தான். மாட்டேன் மாட்டேன் என்று கடைசியாக வந்தவள் மாமியார். பூப்போட்ட உடுப்பு, தோளில் பை, காலில் கடைச் செருப்பு. மரத்தடியில் போய் இடுப்பில் கைவைத்து நின்று மேலே பார்த்தாள். பிறகு, துணியைத் தொலைத்த வேலைக்காரர்களைத் திட்டுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"ஏய்! அறிவிருக்கா உங்களுக்கு? சுட்டுத் தின்ன வர்றவன் முன்னால உக்காந்து காட்சி கொடுக்கிறீங்களே, உங்களப் பெத்தவ இதத்தான் சொல்லிக் கொடுத்தாளா? போங்கடி! ஓடுங்க! நிக்காதீங்க!"

மேனேஜர் தாவிய தாவலில் ஒரு கிளையே முறிந்து விழுந்தது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு எஞ்சின் சத்தம் கேட்டதில்ல" என்றான் மெக்கானிக். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் மரத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

சிரிப்பு ஒருபக்கம். ஆனால் மனசு கேட்கவில்லை. குட்டியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கிற தாய், சத்தம் கேட்டதும் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் பதறும். பாய்ந்து ஓடிய குட்டி ஒன்று கீழே விழுந்து, நல்லவேளை புதரில் மாட்டிக்கொண்டு பிழைத்தது. அன்று வாலு சாப்பிடவில்லை. டாக்டருக்கு ராத்திரி தூக்கம் வராமல் போய்ப் பல நாளாகியிருந்தது. ஆனாலும் பலன் தெரிந்தது. சிவப்போ மஞ்சளோ, ஆணோ பெண்ணோ, மனித வாடை அடித்தாலே கருமுகங்கள் நழுவத் தொடங்கின. முதலில் கத்திக்கொண்டு ஓடியவை, போகப் போகக் கத்தாமலே நழுவின. வேட்டை நடக்கிற காடுகளில் குரங்குகள் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டருக்குத் தெரியும். சத்தம் போடுகிற குரங்குதான் முதலில் சாகும்.

செம்மண் சட்டையை மட்டும் அவள் விடவில்லை. வாரத்தில் ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு போய் டொக் டொக் என்பாள். பெரியம்மா தயங்கித் தயங்கி இறங்கி வரும். இப்போதெல்லாம் மற்றவை வருவதில்லை, அது மட்டும்தான். டாக்டருக்கு அது போதும். வாலு இரண்டொரு முறை வாயெடுத்தாள். "அண்ணி, அந்தச் சட்டைக்கும் சேத்து..." என்று ஆரம்பித்தால், "நீ சும்மா இரு" என்று அடக்கிவிடுவாள். பேராசிரியருக்காக, ஆராய்ச்சிக்காக என்று காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால், உலகத்தில் இருக்கிற அத்தனை மனிதர்களையும் நம்பாமல் அந்தக் கிழக் குரங்கு தன்னை ஒருத்தியை மட்டும் நம்பி இறங்கி வருவதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. கர்வம் என்ன கர்வம், அது இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

பெரியம்மா குட்டி போட்டது. அந்த வயதில் இனிமேல் போடாது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில், முறம் மாதிரி காதோடு ஒரு பெண் குட்டி.

மழை நின்றது. ஆறு வடிந்தது. வெயில் ஏறிய ஒரு காலையில் காட்டுப் பாதையில் டாக்டரும் வாலுவும் போய்க்கொண்டிருந்தபோது எதிரே இரண்டு ஆண்கள் வந்தார்கள். ஒருவன் தோளில் சாக்கில் சுற்றிய நீளமான பொருள். அது என்னவென்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இன்னொருவன் கையில் கோணிப்பை, மடித்தபடியே இருந்தது. வாலு அண்ணியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்கதான் அந்தக் குரங்கு பாக்கிறவங்களா?" என்று கேட்டான் மூத்தவன். குரலில் ஒரு வம்பும் இல்லை. கடையில் சரக்கு இல்லை என்று திரும்பி வருகிறவன் மாதிரி சலிப்பு மட்டும்தான். "எங்கம்மா போச்சு அதெல்லாம்? காலையிலேருந்து சுத்துறோம். போன தடவை நூறு அடி நடந்தா கெடைச்சுது, இப்போ ஒரு வால் கூடக் கண்ணுல படல."

"தெரியலையே" என்றாள் டாக்டர். சந்தோஷத்தில் வாலுவைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டார்கள். ஒட்டுமொத்தக் குடும்பமும் கோமாளி வேஷம் கட்டியது வீண் போகவில்லை.

அந்த ஆள் போகவில்லை. அவள் தோளை, கையை, சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இந்தக் கலர்ல சட்டை போட்டுக்கிட்டு வந்தா மட்டும் இறங்குமாமே? உங்க ஊர்ல பேசிக்கிறாங்க. ஏதோ நாக்குல ஒரு சத்தம் போடுவீங்களாம்." அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்து, நாக்கை மேலே ஒட்டி, எடுத்தான். "டொக், டொக். இப்படித்தானே?"

அச்சு அசலாக இருந்தது.

இளையவன், "வாண்ணே, வெயிலாகுது" என்று கூப்பிட, இருவரும் ஆற்றுப்பக்கம் இறங்கிப் போனார்கள். போகிற வழியெல்லாம் அவன் விளையாட்டாக அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே போனான்.

"காவலர்கிட்ட சொல்லலாம் அண்ணி" என்றாள் வாலு, அவர்கள் மறைந்த பிறகு.

"நீ ஓடிப் போய்ச் சொல்லிட்டு வா." டாக்டர் தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். "இந்தத் துணி எந்தக் கடையிலயும் கெடைக்கும் இல்ல?"

"கெடைக்கும் அண்ணி."

மெக்கானிக்கின் சிவப்புச் சட்டையைப் பார்த்துத் தலையில் கைவைத்தவளுக்கு, தன் உடம்பில் இருந்த சட்டை இத்தனை நாள் கண்ணில் படவில்லை. அவளைப் பெரியம்மாவுக்கு அடையாளம் தெரியும் என்று நினைத்தாளே, எதை வைத்துத் தெரியும்? சட்டை, சத்தம். வேறு ஏதாவது இருக்கலாம், நடையோ முகமோ. இருக்கலாம் என்பதை நம்பி ஒரு குட்டியின் உயிரைப் பந்தயம் வைக்க முடியுமா?

வாலு காவலரிடம் சொல்லிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். அவர் ஆற்றோரம் போகிறேன் என்றாராம், பிடித்தால் உண்டு என்றாராம். இருவரும் அத்தி மரத்துக்குப் போனார்கள். மரத்தில் ஒரு அசைவும் இல்லை. பாதி தின்ற காய்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்து கிடந்தன. டாக்டர் கீழே குனிந்து, காய்ந்த மண்ணாங்கட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் பண்ணட்டுமா அண்ணி? நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க."

"வேண்டாம். என்ன நம்பித்தான் இறங்கி வருது. நான்தான் பண்ணணும்."

அவள் டொக், டொக் என்றாள். ஒன்றும் வரவில்லை. வராமலே இருந்துவிடட்டும் என்று ஒரு நொடி வேண்டிக்கொண்டாள். இரண்டாவது முறை போட்டதும் உச்சியில் இலை விலகியது. பெரியம்மா ஒவ்வொரு கிளையாக, ஒரு கையால் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தது. வழக்கமான தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. குட்டி தலையைத் திருப்பி டாக்டரைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தது. டாக்டர் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காட்டுவதற்காகவே கொண்டு வந்த மாதிரி இருந்தது. அப்படியெல்லாம் குரங்கு செய்யாது என்று அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள். இருந்தும் அப்படித்தான் இருந்தது.

முதல் மண்ணாங்கட்டி அடிமரத்தில் பட்டுச் சிதறியது. பெரியம்மா ஓடவில்லை. மண் விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தது, யாரோ வேறு ஆள் எறிந்தது என்பது போல டாக்டரின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. பிறகு இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகவே நகர்ந்து உட்கார்ந்தது.

"ஐயோ அண்ணி" என்று வாலு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவதைக் குறி பார்த்து எறிந்தாள். தொடையில் பட்டது. பெரியம்மா வீறிட்ட சத்தம் காடு முழுக்கக் கேட்டிருக்கும். எங்கோ மேலிருந்து மேனேஜர் குரைத்தது, மறைந்திருந்த கிளைகளெல்லாம் ஒரே சமயத்தில் ஆடின. பெரியம்மா குட்டியை இறுக்கிக்கொண்டு மேலே பாய்ந்தது. பாதியில் நின்று, ஒரு தடவை, திரும்பிப் பார்த்தது.

"பாக்காத! போ!" என்று டாக்டர் கத்தினாள். கத்தினால் மட்டும் போதாது என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தெரிந்தது. கத்தலுக்கு அவை ஏற்கெனவே பயப்படும். பயப்பட வேண்டியது அந்தச் சத்தத்துக்கு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாக்கை ஒட்டி எடுத்தாள். டொக், டொக். எறிந்தாள். டொக், டொக். எறிந்தாள். பெரியம்மா அடுத்த மரத்துக்குத் தாவியது, அவள் கீழே வேர்களைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். அழுகையில் நாக்கு சரியாக ஒட்டவில்லை, சத்தம் பிசகியது. நின்று மூச்சை அடக்கி, பிசகில்லாமல் மறுபடியும் போட்டாள். பையிலிருந்தது தீர்ந்ததும் குனிந்து பொறுக்கி எறிந்தாள். ஓடைவரை விரட்டிக்கொண்டு போன பிறகுதான் மேலே கிளைகளின் ஆட்டம் அடங்கியது, அவளும் நின்றாள்.

வாலு பின்னாலேயே ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஓடைக்கரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். வாலுவும் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு டாக்டர் எழுந்தாள்.

"ஒரு தடவை போதாது வாலு" என்றாள். "நாளைக்கும் வரணும். இதே சட்டையில."